செப்பேடு காத்த ஆயர்: கொல்லத்து மார் சாபோர்

புனிதர்தம் வரலாற்றை நூலாக்கி வைக்கும் மரபு மேலைநாட்டில் மிகத் தொன்மையானது. கி.பி. 9 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வடகடலோரத்து மக்களிடையே கிறித்துவ சமயத்தைப் பரப்பிய ஆன்சுகார் என்னும் ஆயர் 865 ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப்பின் அவர்தம் பொறுப்பை ஏற்ற மாணாக்கர் ரிம்பெர்ட்டு, தம் ஆசிரியரின் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதினார். ஆதலின் ஆன்சுகார் எந்தெந்த அரசரைக் கண்டார், எங்கெங்கு இடர்ப்பட்டார் என்பனவெல்லாம் இன்றும் நமக்குத் தெரிகின்றன.

அதே நூற்றாண்டில் அரபிக்கடலைக் கடந்து நம் மேலைக்கடற்கரைக்கு வந்து, மக்களால் புனிதரெனப் போற்றப்பெற்ற ஆயர் ஒருவர் உண்டு. மார் சாபோர் என்பது அவர் பெயர். அவருடன் வந்தவராகச் சொல்லப்படும் மற்றோர் ஆயர் மார் அப்ரோத்து. இவ்விருவரையும் சேர்த்துக் கேரளக் கிறித்தவர்கள் ‘காதீசங்கள்’ என்று வழங்குவர். ‘புனிதர்’ என்னும் பொருள்படும் சிரியாக் சொல்லே மலையாள நாட்டில் இவ்வாறு திரிந்து நின்றது. இவர்களுக்கு ரிம்பெர்ட்டைப் போன்ற ஒரு மாணாக்கர் வாய்க்கவில்லை. பிறந்த ஊரும் மறைந்த நாளும் கூறும் நூலொன்றும் இல்லை. ஆயினும் மார் சாபோருக்கு வேறொரு பேறு வாய்த்தது. அவருடையதாகக் கருதப்பெறும் பெயர் ஒரு செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. அச்செப்பேட்டின் மொழி தமிழர் படித்துணரத்தக்க மொழி. அதன் எழுத்து நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்து.

அச்செப்பேட்டைப் பெற்று எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், ஒரு பேரவை கூடி, இவர் புனிதரல்லர் என்று விலக்கியது. அப்பேரவை கூடிய ஊர் நம் கொச்சிக்கு அண்மையிலுள்ளது. அதன் விளைவுகளுள் ஒன்று நாம் வாழும் இம்மட்டாஞ்சேரியிலேயே வெடித்தது. ஆகவே இவ்வாயரின் வரலாறு கிறித்தவ அன்பர்க்கு மட்டும் உரியதன்று. இவ்வூரில் வாழும் தமிழராகிய நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லத் துறை

9 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொல்லம் கீழ்த்திசை, மேற்றிசைக் கலங்கள் சந்திக்கும் பெருந்துறையாக விளங்கியது. 851 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற அரபுப் பயணக் குறிப்பு ஒன்று, இத்துறையைக் குறிப்பிட்டு, இங்கு வரும் சீனக் கப்பல் ஒவ்வொன்றும் 1000 திர்கம் சுங்கம் செலுத்தியதெனக் கூறுகின்றது. பாரசீகக் குடாவினின்று புறப்பட்ட வணிகர் இங்குத் தங்கி, நீரும் சரக்கும் ஏற்றிக்கொண்டு கிழக்கே சென்றனர்.

அவ்வணிகருள் கிறித்தவரும் இருந்தனர். அவர்களுடைய திருச்சபை உரோமையைத் தலைமையாகக் கொண்டதன்று. பாரசீக நாட்டில் வேரூன்றிச் சிரியாக் மொழியில் வழிபாடு நிகழ்த்திய கீழைத் திருச்சபை. 780 முதல் 823 வரை அதன் தலைமையில் இருந்த முதலாம் திமொத்தேயு என்னும் குலத்தலைவர் பாக்தாது நகரில் இருந்து ஆண்டவர். இந்தியக் கிறித்தவர்களுக்குரிய பேராயரைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கடிதங்கள் எழுதியவர். அக்காலத்தில் இந்நாட்டுக் கிறித்தவர்க்கு ஆயர்கள் அத்திசையினின்றே வந்தனர். சென்னைப் பரங்கிமலையிலும், கோட்டயத்திலும், கடமற்றத்திலும் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவைகள் இன்றும் நிற்கின்றன. சோழமண்டலக் கரையையும் மலைநாட்டுக் கரையையும் இணைத்து நின்ற அத்திருச்சபையின் கையொப்பங்கள் என்று அவற்றைக் கூறலாம்.

இச்சூழலில், 823 அல்லது 825 ஆம் ஆண்டளவில் மார் சாபோரும் மார் அப்ரோத்தும் கொல்லத்தில் வந்திறங்கினர் என்பது கேரளக் கிறித்தவர்தம் மரபு. திருநெல்வேலி, குமரி மாவட்டத்தாராகிய நம் அன்பர்கள் நன்கறிந்த கொல்லம் ஆண்டு 825 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டுக் கணக்கே இவர்கள் வருகையை ஒட்டி எழுந்தது என்பாரும் உளர். நகரம் தோன்றியதை ஒட்டி எழுந்தது, சமயக் காரணத்தால் எழுந்தது, வானநூல் காரணத்தால் எழுந்தது எனப் பலரும் பலவாறு கூறுவர். பிற்காலக் கல்வெட்டுகள் ‘கொல்லம் தோன்றி’ இத்துணையாவது ஆண்டு என்று எழுதுவதை நோக்க, ஒரு நகரத்தின் தோற்றமே மக்கள் நெஞ்சில் நின்றதெனத் தோன்றுகின்றது. அந்நகரைத் தோற்றுவித்தார் யார் என்னும் வினாவிற்குத்தான் செப்பேடு ஒரு விடை தருகின்றது.

செப்பேடு சொல்லும் செய்தி

வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், குரக்கேணிக் கொல்லத்தில் எழுப்பப்பட்ட தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கி எழுதிக் கொடுத்ததே தரிசாப்பள்ளிச் செப்பேடு. ‘தரிசா’ என்பது கிறித்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். ‘பள்ளி’ என்பதோ சமணர்க்கும் புத்தர்க்கும் உரிய தவச்சாலையைக் குறித்து வழங்கிய நம் சொல். வந்தவர் பெயரும் வரவேற்றவர் சொல்லும் ஒரு தொடரிலேயே ஒன்றி நிற்பதை நோக்குக.

இச்செப்பேட்டில் ஆண்டு எண் இல்லை. சேரப் பெருமாளாகிய தாணு இரவியின் 5 ஆம் ஆட்சியாண்டு என்று மட்டுமே உள்ளது. அவ்வாறாயின் 849 என்று காலம் கணித்தது எங்ஙனம்? மகோதயபுரத்தில் அப்பெருமாளின் அவையிலிருந்த சங்கரநாராயணர் என்னும் வானநூலார், இலகுபாஸ்கரியம் என்ற நூலுக்கு உரை வரைந்தார். அவ்வுரை சக ஆண்டு 791 இல், அரசனின் 25 ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டதாக அவரே குறிக்கின்றார். அது கி.பி. 869. அதினின்று பின்னோக்கி எண்ணின் 5 ஆம் ஆண்டு 849 ஆகின்றது. விண்மீனை நோக்கிய ஓர் அறிஞர் எழுதிய குறிப்பு, கடல் கடந்து வந்த கிறித்தவரின் காலத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது. இத்தாணு இரவி சோழநாட்டார்க்கும் அயலானல்லன். திருவையாற்றை அடுத்த தில்லைத்தானக் கல்வெட்டொன்று, முதலாம் ஆதித்த சோழனும் தாணு இரவியும் சேர்ந்து விக்கியண்ணன் என்னும் தலைவனுக்குச் சிறப்புச் செய்ததைக் கூறுகின்றது.

கொடை எவ்வாறு நிகழ்ந்தது? நம் நாட்டு வழக்கப்படியே நிகழ்ந்தது. பள்ளிக்குரிய நிலத்திற்கு நான்கு எல்லை வகுக்கப்பட்டது. கிழக்கே வயல்காடு, மேற்கே கடல், வடக்கே தோரணத்தோட்டம் என எல்லைகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. அவ்வெல்லையைச் சுற்றிப் பெண்யானையை நடத்தினர். பின்னர் நீர் வார்த்துக் கொடுத்தனர். பல்லவரும் சோழரும் பிரமதேயமும் தேவதானமும் கொடுத்தபோது இயற்றிய சடங்குகள் இவற்றின் இனமே. நகரத்தைத் தோற்றுவித்து, நீரேற்றவராகச் செப்பேடு கூறுபவர் மருவான் சபீர் ஈசோ. தம் கையில் வார்க்கப்பட்ட நீரை ஏற்றுக் கொடையை உரிமையாக்கிக் கொண்டார் என்பது அதன் பொருள். இவர் வாழ்க்கையில் நாம் ஐயமின்றிக் கண்முன் நிறுத்திக் காணத்தக்க நிகழ்ச்சி இஃது ஒன்றே: அயல்நாட்டார் ஒருவர், தமிழ் வழக்கின்படி கைநீட்டி நீரேற்று நிற்கின்றார்.

வேணாட்டு அரசனோடு இளங்கூறு வாழும் இராமதிருவடியும், அதிகாரரும், அறுநூற்றுவரும், புன்னைத்தலைப்பதி, பூளைக்குடிப்பதி என்னும் ஊர்களின் சார்பினரும் இக்கொடைக்கு உடன்பட்டனர். அரசன் ஒருவனது விருப்பத்தால் நிகழ்ந்த செயலன்று. நாட்டோர் கூடி முடிவு செய்தது என்பது இதனாற் புலனாகும். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுவினரிடமும் நகரத்தைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எழுபத்திரண்டு விடுபேறுகளும் தரப்பட்டன. இவர்களுக்கு அநீதி நேருமாயின், தாங்கள் செலுத்தவேண்டிய உல்கும் துலாக்கூலியும் தடுத்து வைத்து அநீதியைத் தீர்த்துக் கொள்ளலாம் என்னும் உரிமையும் எழுதப்பட்டது. உல்கென்பது சுங்கம், துலாக்கூலி என்பது நிறுவைக்கான கட்டணம். குடிபுகுந்தார்க்கு அரசை எதிர்த்து வரி மறுக்கும் உரிமையையும் செப்பில் எழுதிக் கொடுத்த அரசினைப் பாராட்டாதிருக்க இயலாது. வாரக்கோல், பஞ்சக்கண்டி முதலிய அளவைக் கருவிகளைக் காக்கும் பொறுப்பும் பள்ளிக்கு வழங்கப்பட்டது. வணிகர் நம்பும் அளவுகோல் இறைவன் கோயிலில் இருந்தது என்க.

இவ்வேட்டின் ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைப்பது வரலாறு ஆகாது. நிலத்தோடு மாந்தரும் கொடுக்கப்பட்டனர். ஈழவர் நான்கு குடி, வண்ணார் ஒரு குடி, நிலத்தைப் பயிரிடும் வெள்ளாளர் நான்கு குடி, தச்சர் குடி என்று அவர்கள் எண்ணப்படுகின்றனரேயன்றி, ஒருவர் பெயரேனும் குறிக்கப்படவில்லை. அவர்கள் மீதிருந்த தலைக்காணம், ஏணிக்காணம், இரவுசோறு, குடநாழி முதலிய வரிகளும் கடமைகளும் நீக்கப்பட்டன. தலைக்காணம் ஆள்மேல் விழும் வரி. ஏணிக்காணம் மரமேறும் தொழிலாளர் ஏணிக்குச் செலுத்திய வரி. இவ்வரி நீக்கத்தால் அக்குடிகளின் சுமை குறைந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் செய்த குற்றத்தை விசாரிக்கும் உரிமையும், ஆள்விலையைக் கொள்ளும் உரிமையும் அரசனிடமிருந்து பள்ளிக்கு மாறின. ஆள்வோர் மாறினர்; ஆட்பட்டோர் ஆட்பட்டோராகவே இருந்தனர். புனிதரின் புகழைப் பேசும்போது, அவர் பள்ளியின் விளக்குக்கு எண்ணெய் கொணர்ந்த பெயரறியாக் குடிகளையும் நினைத்தல் நம் கடமை.

செப்பேட்டின் இறுதியிலுள்ள சான்றொப்பங்களே அறிஞர் உலகைப் பெரிதும் வியக்க வைத்தவை. இசுலாமியர் 11 பேர் கூஃபி என்னும் அரபு எழுத்திலும், சொராசுத்திரரும் கிறித்தவருமாக 10 பேர் பகலவி எழுத்திலும், யூதர் 4 பேர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் ஒப்பமிட்டுள்ளனர். ஆக 25 பேர். வேணாட்டு மன்னன் கொடுத்தான். கிறித்தவப் பள்ளி பெற்றது. இசுலாமியரும் யூதரும் சொராசுத்திரரும் அதற்குச் சாட்சியாயினர். இத்தனை சமயத்தாரும் உடன்பட்ட செய்தியை எழுதுவதற்கு இடமளித்தது நம் மொழி.

இம்மொழி தமிழா, மலையாளமா என்று வினவுவார்க்கு ஒரு சொல். மலையாள இலக்கண ஆய்வாளர் தம் மொழியின் தொல்லாவணங்களுள் ஒன்றாக இதனை எண்ணுகின்றனர். தமிழராகிய நாம் இதனை மேலைக்கடற்கரைத் தமிழ் என்று படிக்கின்றோம். இரண்டும் பொருந்தும். ஒரு தாய் வயிற்று மக்கள் இருவர் பாகம் பிரிப்பதற்கு முன்னர் எழுதப்பட்ட குடும்பப் பத்திரம் இது. அப்பத்திரம் இருவருக்கும் உரியது.

சபீர் ஈசோவும் மார் சாபோரும்

நீரேற்ற மருவான் சபீர் ஈசோவே மார் சாபோரா? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு மேற்செல்லுதல் முறையன்று. ‘மருவான்’ என்பது ‘எம் தலைவர்’ எனப் பொருள்படும் சிரியாக் சொல்லின் திரிபு. ஆயர்க்கு முன் வழங்கும் ‘மார்’ என்பதும் அச்சொல்லோடு தொடர்புடையது. ‘சபீர்’ என்பதும் ‘சாபோர்’ என்பதும் ஒலியால் நெருங்கியவை. இவர் வாழ்ந்த இடம் கொல்லம். காலமும் மரபு கூறும் காலத்தோடு பொருந்துவது. இவற்றைக் கொண்டு இருவரும் ஒருவரே என்று துணிந்தாரும் உளர்.

மறுதலையாகச் சிந்திக்கவும் இடமுண்டு. செப்பேடு இவரை ஆயர் என்று வெளிப்படக் கூறவில்லை. நகரத்தை நிறுவியவர், நீரேற்றவர் என்றே கூறுகின்றது. பள்ளியைக் கட்டியவராக ஈசோ தபிர் என்னும் பெயர் தனியே வருகின்றது. அவரும் இவரும் ஒருவரா இருவரா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. நகரம் கண்டவர் வணிகர் தலைவராகவும், அவருடன் வந்த ஆயர் வேறொருவராகவும் இருந்திருக்கலாம் என்பார் கூற்றையும் புறந்தள்ள இயலாது.

ஆயினும் நம் கருத்துக்கு இவ்வளவு போதும். 9 ஆம் நூற்றாண்டுக் கொல்லத்தில் பாரசீகத் திருச்சபையைச் சார்ந்த தலைவர் ஒருவர் மதிப்போடு வாழ்ந்தார். அவர் பெயரில் நிலமும் நகரமும் நிலைபெற்றன. பின்வந்தோர் அவர் நினைவையும் ஆயரின் நினைவையும் ஒன்றாகவே போற்றினர். பெயரறியா ஓர் உழவன் ‘காதீசங்களே’ என்று விளித்தபோது, அவன் வணிகரையும் ஆயரையும் பிரித்துப் பார்த்தானல்லன்.

மக்கள் வழங்கிய பட்டம்

மார் சாபோர், மார் அப்ரோத்து ஆகிய இருவர் பெயராலும் கேரளத்தில் கோயில்கள் எழுந்தன. அங்கமாலிக்கு அண்மையிலுள்ள அகப்பறம்புக் கோயில் இன்றும் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கின்றது. காயங்குளத்துக் காதீசாக் கோயிலும் அவர்கள் நினைவைச் சார்ந்ததே. கடமற்றத்திலோ, பாரசீகத்தினின்று வந்த துறவி ஒருவர் ஓர் ஏழைக் கைம்பெண்ணின் வீட்டில் உணவு கேட்க, அவ்வீட்டில் அரிசியில்லாமை கண்டு, சில மணிகளை உலையிலிடச் செய்து பானை நிறையச் சோறாக்கினார் என்று கதை வழங்கும். அத்துறவியைச் சிலர் மார் ஆபோ என்பர்; அவரே மார் சாபோர் என்பாரும் உளர். மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த நமக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. பசித்தவன் கலத்தை நிறைப்பவனே பெரியோன் என்னும் எண்ணம் இந்நிலத்தில் சமயங்கடந்து வேரூன்றியது. அயல்நாட்டு ஆயரையும் இந்நாட்டு மக்கள் அவ்வளவுகோலால்தான் அளந்தனர்.

இவர்களைப் புனிதராக்கியது எந்தப் பீடம் என்று வினவின், எப்பீடமும் இல்லை என்பதே விடை. இதில் குறையொன்றும் இல்லை. அக்காலத்தில் மேலைத் திருச்சபையிலும் மக்கள் போற்றுதலும் அவ்வூர் ஆயரின் இசைவுமே புனிதர் பட்டத்திற்குப் போதுமானவையாயிருந்தன. ஆன்சுகாரும் அவ்வாறே போற்றப்பட்டார். செருமானிய நாட்டு ஆக்சுபர்க்கு நகரின் ஆயராகிய உல்ரிக்கைத் திருத்தந்தை பதினைந்தாம் யோவான் 993 இல் புனிதரென அறிவித்தார். திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதர் பட்டம் வழங்கியதற்குக் கிடைக்கும் முதற்சான்று அதுவே என்பர். அதற்கும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முற்பட்டது நம் செப்பேடு. ஆகவே தம் காலத்து வழக்கின்படி காதீசங்கள் புனிதர்களே. பிற்காலத்துச் சட்டத்தை முற்காலத்தார்மேல் ஏற்றியபோதுதான் இடர் பிறந்தது.

உதயம்பேரூர்ப் பேரவை

1498 இல் போர்த்துகீசியர் மலையாளக் கரையை அடைந்தனர். கிறித்தவர் இங்கு வாழ்வது கண்டு முதலில் மகிழ்ந்தனர். பின்னர், அக்கிறித்தவர் உரோமைத் திருத்தந்தையைக் காட்டிலும் பாபிலோன் குலத்தலைவரையே தம் வழிபாட்டில் மிகுதியும் நினைப்பது கண்டு ஐயுற்றனர். கோவாவின் பேராயர் அலெய்சு தெ மெனேசிசு, 1599 ஆம் ஆண்டு சூன் 20 முதல் 26 வரை, கொச்சிக்குத் தென்கிழக்கிலுள்ள உதயம்பேரூரில் பேரவை ஒன்றைக் கூட்டினார். 153 குருக்களும், அறுநூற்றுவருக்கு மேற்பட்ட பொதுமக்களும் அதில் கலந்துகொண்டனர்.

அப்பேரவை பல விதிகளை இயற்றியது. வழிபாட்டு நூல்கள் திருத்தப்பட்டன. ஏற்கத்தகாதன எனக் கருதப்பட்ட சிரியாக் நூல்கள் அழிக்க ஆணையிடப்பட்டன. அவ்விதிகளுள் ஒன்று நம் ஆயர்களைப் பற்றியது. மார் சாபோரும் மார் அப்ரோத்தும் பாபிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கு நெசுத்தோரியக் கொள்கை பரவியிருந்தமையால் இவர்களும் அக்கொள்கையினராக இருந்திருத்தல் கூடும். திருச்சபை இவர்களைப் புனிதரென அறிவித்ததும் இல்லை. ஆதலின் இவர்கள் பெயரிலுள்ள கோயில்களை அனைத்துப் புனிதர் பெயருக்கு மாற்றி, நவம்பர் முதல் நாளில் விழாக் கொண்டாடுக என்பது அதன் சாரம்.

இவ்விதியில் குற்றச்சாட்டு உண்டு, மெய்ப்பித்தல் இல்லை. அவர்கள் என்ன போதித்தனர், எதை எழுதினர் என்பதை ஆராய்ந்து தீர்ப்பளிக்கவில்லை. வந்த திசையே குற்றமாயிற்று. 849 இல் கொல்லத்து மக்கள் இவர்களை வரவேற்றபோது, எத்திசையினின்று வந்தவர் என்பதைத் தடையாகக் கொள்ளவில்லை. கையில் நீர் வார்த்தனர். 1599 இல் அதே திசை, பெயரை அழித்தற்குக் காரணமாயிற்று. ஒரே மண்ணில் நிகழ்ந்த இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இவ்வாயர் வரலாற்றின் உட்பொருள் விளங்கும்.

பெயர் நீக்கப்பட்ட இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதும் சுவையானது. கோதநல்லூரில் காதீசங்கள் பெயரிலிருந்த கோயில் பின்னர் செர்வாசியு, புரொத்தாசியு என்னும் இரட்டைப் புனிதர்க்கு உரியதாயிற்று. அவ்விருவரும் மிலான் நகரத்து மறைசாட்சியர். அவர்களுடைய உடலெச்சங்களை ஆயர் அம்புரோசு 386 இல் கண்டெடுத்தார். அவர்கள் கொல்லத்தைக் கண்டவரல்லர். ஆயினும் புரொத்தாசியு என்னும் ஒலியில் புரோத்து என்ற பழம்பெயர் ஒளிந்துகொண்டது. மக்களும் அக்கோயிலைக் காதீசங்களின் கோயிலென்றே தொடர்ந்து அழைத்து வந்தனர். எழுதிய விதி ஒன்றாகவும் மக்கள் நாவில் நின்ற வழக்கு வேறொன்றாகவும் இருந்தன.

மட்டாஞ்சேரியில் ஒரு சூளுரை

உதயம்பேரூரில் தொடங்கிய மனக்கசப்பு ஐம்பத்துநான்கு ஆண்டுகள் புகைந்தது. 1652 இல் அகத்தல்லா என்னும் சிரிய ஆயர் மயிலாப்பூரில் வந்திறங்கினார். போர்த்துகீசியர் அவரைக் காவலில் வைத்துக் கொச்சி வழியாகக் கோவாவிற்குக் கொண்டுசென்றனர். அவரைக் காணவேண்டுமெனக் கிறித்தவர் திரண்டு வேண்டியும் இசைவு கிட்டவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்தனர் என்னும் வதந்தி பரவியது. உண்மையில் அவர் கோவாவினின்று ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். ஆயினும் அந்நாளில் அதனை அறிவாரில்லை.

1653 ஆம் ஆண்டு சனவரி 3 ஆம் நாள், மட்டாஞ்சேரியில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். பேராயர் கார்சியாவுக்கும் அவரைச் சார்ந்த இயேசு சபையார்க்கும் இனிக் கீழ்ப்படியோம் என்று சிலுவையைத் தொட்டுச் சூளுரைத்தனர். எல்லோர் கையும் சிலுவையை எட்டாமையால், அதில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பற்றி நின்று ஆணையிட்டனர் என்பர். கயிற்றின் இழுப்பால் சிலுவை வளைந்தமையால் ‘கூனன் குரிசு’ எனப் பெயர் வந்ததென்பது மரபு. நாம் நாடோறும் கடந்துசெல்லும் தெருக்களுக்கு நடுவே கூனன் குரிசுப் பள்ளி அந்நிகழ்ச்சியின் நினைவாக இன்றும் நிற்கின்றது.

அச்சூளுரைக்குக் காரணம் காதீசங்கள் மட்டுமே என்று கூறின் அது மிகையாகும். ஆட்சி, ஆயர் நியமனம், வழிபாட்டு முறை எனக் காரணங்கள் பல. பின்னர் அம்மக்களுள் பலர் உரோமையோடு மீண்டும் இணைந்தனர். ஏனையோர் தனிவழி சென்றனர். ஆனால், தம் முன்னோர் யாரைப் போற்றினர் என்பதைப் பிறர் வந்து முடிவு செய்தலை அம்மக்கள் பொறுக்கவில்லை என்பது தெளிவு. அநீதி நேரின் உல்கைத் தடுத்துத் தீர்த்துக் கொள்க என்று அவர்தம் முன்னோர்க்குச் செப்பில் எழுதித் தந்த நாடு இது. அவ்வுரிமையின் நினைவு முற்றும் மறைந்துவிடவில்லை போலும்.

மீண்டு வந்த செப்பேடு

செப்பேடுகளின் கதையும் நம் கொச்சியோடு பிணைந்தது. 1758 ஐ ஒட்டிக் கேரளம் வந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்கெத்தில் துய்ப்பெரோன் இச்செப்பேட்டைப் பற்றி ஐரோப்பியர்க்கு அறிவித்தார். பின்னர் அவை கண்ணுக்கு மறைந்தன. 1806 ஆம் ஆண்டளவில், ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலே, கொச்சிக் கோட்டையில் அவற்றைத் தேடி வெளிக்கொணர்ந்ததாகக் கிளாடியசு புக்கானன் எழுதியுள்ளார். புக்கானன் செப்புத் தகட்டிலேயே நகல் எடுப்பித்து, அதனைக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 1844 இல் எர்மன் குண்டர்ட்டு மொழிபெயர்ப்பினை வெளியிட்டார். தமிழறிஞர் து.அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் மூலத்தை ஆராய்ந்து பதிப்பித்தார். அண்மைக் காலத்தில் எம்.ஆர். இராகவ வாரியரும் கேசவன் வெளுத்தாட்டும் இணைந்து 2013 இல் விரிவான ஆய்வு நூலொன்றை அளித்தனர். ஏடுகள் இன்று கோட்டயத்துத் தேவலோகத்திலும் திருவல்லாவிலும் இரு திருச்சபைகளின் தலைமையகங்களில் பிரிந்து கிடக்கின்றன. போற்றிய மக்கள் பிரிந்தபோது ஏடுகளும் பிரிந்தன.

இச்செப்பேட்டிற்கு உடன்பிறப்பு ஒன்று மட்டாஞ்சேரியிலேயே உண்டு. கி.பி. 1000 ஐ ஒட்டிப் பாசுகர இரவி என்னும் சேரப் பெருமாள், யூதர் தலைவனாகிய இசுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறுகளும் வழங்கிய செப்பேடே அது. 1568 இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தோடு அதன் பெயர் இணைந்து நிற்கின்றது. அதன் மொழியும் இதுவே, எழுத்தும் வட்டெழுத்தே. கிறித்தவர்க்குக் கொடுத்ததும் யூதர்க்குக் கொடுத்ததும் ஒரே மொழியில், ஒரே சொல்லாட்சியில் அமைந்தன. அவற்றைக் காணத் தொலைநாட்டினின்றெல்லாம் வருகின்றனர். ஆயின் பல்லாண்டுகள் இவ்வூரில் வாழும் தமிழர் பலர் இவை நம் மொழியோடு தொடர்புடையன என்பதை அறியாதிருக்கின்றனர்.

நம் கடன்

மார் சாபோரின் வாழ்க்கையில் நமக்குக் கிடைப்பன சிலவே. அவர் கடல் கடந்து வந்தார், இந்நாட்டு வழக்கின்படி வாழ்ந்தார், மக்கள் அவரைப் புனிதர் என்றனர், பிற்காலத்துப் பேரவை ஒன்று அல்லர் என்றது, மக்கள் மறக்கவில்லை. பேரவையின் விதியால் பலிபீடத்தினின்று ஒரு பெயரை அகற்ற முடிந்தது. செப்பில் வெட்டிய பெயரை அழிக்க முடியவில்லை.

பிழைப்பு நாடி மட்டாஞ்சேரிக்கு வந்து, கடைவீதியிலும் பண்டகசாலையிலும் உழைத்து வேரூன்றிய நம்மவர்க்கு இவ்வரலாறு ஓர் உறுதி தருகின்றது. இக்கரையில் புதிதாய் வந்தாரை வரவேற்று எழுதிய தொல்லாவணத்தின் மொழியை நாம் பேசுகின்றோம்; அதே மொழியின் மற்றொரு கிளையை நம் அண்டை வீட்டார் பேசுகின்றனர். ஆகவே நம் சங்கத்தார், இளைஞர்க்கு வட்டெழுத்தைக் கற்பிக்கச் சிறு வகுப்பொன்று தொடங்குதல் நலம். மலையாள அன்பர்களையும் அவ்வகுப்பிற்கு அழைத்தல் வேண்டும். தரிசாப்பள்ளிச் செப்பேட்டை முதற்பாடமாக வைத்து, இரு மொழியாரும் ஒருசேர அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பராயின், பெயரறியா அந்நான்கு குடி ஈழவரும், ஒரு குடி வண்ணாரும், நீரேற்ற சபீர் ஈசோவும் நம்மிடையே மீண்டும் பேசப்படுவர். அப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.